தொகுதி தெரியும், பகுதி தெரியுமா?

எங்கள் வீடு ரெட்டிச்சாவடி பக்கம், கடலூர் மாவட்டம். அக்காவைக் கொடுத்தது பாகூர் பக்கம், அது புதுச்சேரி. நடுவில் முள்ளோடை. எல்லை எங்கே வருகிறது என்று தெரிய வேண்டுமானால் பிராந்திக் கடை போர்டுகளைப் பார்த்தால் போதும். மற்றபடி இரண்டு பக்கமும் அதே நெல், அதே கரும்பு, அதே வெயில், அதே பேச்சு.

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. இரண்டு பக்கமும் ஒரே நாளில் நாடாளுமன்றத் தேர்தல். அன்று மாலை தமிழ்நாட்டில் 72 சதவீதம் என்று டி.வி.யில் சொன்னார்கள். விடிவதற்குள் அது 69 ஆகிவிட்டது. காலையில் அக்கா போன்.

“என்னடா தம்பி, எங்க பக்கம் எழுபத்தெட்டைத் தாண்டிடுச்சாம். உங்க தமிழ்நாட்டுல எழுபதுகூட வரலியாமே. ஓட்டுப் போடற அன்னிக்கு எல்லாரும் படுத்துத் தூங்கிட்டீங்களா?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. “அது வேற கணக்குக்கா” என்று சொல்லி வைத்துவிட்டேன். என்ன கணக்கு என்று பிளஸ் டூ முடித்திருந்த அக்கா மகன் பின்னாடியே வந்து கேட்டான். அவனுக்குச் சொல்ல ஆரம்பித்ததுதான் இது. சொல்லி முடிக்கும்போது அக்காவுக்கு நான் சொன்ன சாக்கே பாதி செல்லாமல் போனது தனிக் கதை.

பின்னத்தில் மேலே இருக்கும் எண்ணுக்குத் ‘தொகுதி’, கீழே இருக்கும் எண்ணுக்குப் ‘பகுதி’ என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள், நினைவிருக்கிறதா? வாக்குப்பதிவு சதவீதம் அந்தப் பின்னத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. மேலே, பதிவான வாக்குகள். கீழே, வாக்காளர் பட்டியலில் இருக்கும் பெயர்கள். வகுத்து நூறால் பெருக்கினால் சதவீதம் வந்துவிடும். தேர்தல் வந்தால் நாம் எல்லோரும் தொகுதி தொகுதி என்று பேசுகிறோம். பகுதியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குழப்பம் முழுக்க அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

முதலில் மேல் எண். இதில் பெரிய சிக்கல் இல்லை. சாவடிக்குள் போனதும் பதிவேட்டில் கையெழுத்து, இடது கை ஆள்காட்டி விரலில் மை, பிறகு இயந்திரம். முடியும்போது எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்பதைப் படிவம் 17சி-யில் எழுதி, சாவடி அதிகாரி ஒவ்வொரு கட்சியின் பூத் ஏஜென்ட்டுக்கும் ஒரு நகல் கொடுக்க வேண்டும். அது உறுதியான எண். ஆனால் அன்று மாலை டி.வி.யில் வருவது அது அல்ல. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போனிலும் செயலியிலும் திரட்டுகிற உத்தேசம். எல்லாச் சாவடிக் கணக்கும் வந்து சேர்ந்த பிறகு அது ஏறலாம், இறங்கலாம். தமிழ்நாட்டில் 72 என்று படுத்தது 69 என்று எழுந்தது அப்படித்தான். இறுதியில் 69.72 என்று முடிந்தது. புதுச்சேரிக்கு 78.90. நோட்டாவை அழுத்தியவரும் மேல் எண்ணில் வருவார். யாருக்கும் போடவில்லை என்றாலும் வந்து போட்டார் அல்லவா.

இப்போது கீழ் எண். பதினெட்டு வயது நிரம்பிய எல்லோரும் அதில் இருப்பதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். இல்லை. பட்டியலில் பெயர் உள்ளவர்கள் மட்டும். ஊரில் வாழ்ந்தும் பெயர் சேர்க்காத பையன் அந்தக் கணக்கிலேயே கிடையாது. அவன் ஓட்டுப் போடாவிட்டால் சதவீதம் குறைவதும் இல்லை. எதிர்ப்பக்கம், ஊரில் இல்லாதவர் பெயர் பட்டியலில் இருந்தால், அவர் ஒவ்வொரு தேர்தலிலும் ‘வாக்களிக்காதவர்’ ஆகிறார்.

எங்கள் வீட்டில் அப்பா அப்படி ஒருவர். இறந்து எட்டு வருடம் பட்டியலில் இருந்தார். ஒவ்வொரு தேர்தலுக்கும் பூத் சிலிப் வரும். அம்மா அதை வாங்கி காலண்டருக்குப் பின்னால் செருகி வைப்பார். தப்பு எங்களுடையதுதான். பெயர் நீக்கப் படிவம் 7 கொடுக்க வேண்டும், நாங்கள் யாரும் கொடுக்கவில்லை. கொடுக்க மனம் வரவில்லை என்றும் சொல்லலாம். ஆக எட்டு வருடமாக எங்கள் சாவடியின் சதவீதத்தை அப்பா ஒரு மயிரிழை கீழே இழுத்துக்கொண்டே இருந்தார். உயிரோடு இருந்தவரை ஒரு தேர்தலையும் விட்டதில்லை அவர்.

ஒரு கற்பனைச் சாவடி வைத்துப் பார்ப்போம். பட்டியலில் 1,000 பெயர். அதில் இறந்தவர் 60, திருப்பூருக்கும் சென்னைக்கும் குடிபோனவர் 90, இரண்டு இடத்தில் பெயர் இருப்பவர் 30. நிஜமாக அன்று ஊரில் இருந்து வாக்களிக்கக் கூடியவர் 820. அவர்களில் 656 பேர் வந்து போட்டார்கள். அறிவிக்கும் சதவீதம் 65.6. பேப்பரில் ‘மக்கள் ஆர்வம் காட்டவில்லை’ என்று தலைப்பு வரும். உண்மையில் போடக் கூடியவர்களில் 80 சதவீதம் பேர் போட்டிருக்கிறார்கள். ஆர்வத்தில் குறையே இல்லை. பட்டியலில்தான் தூசி.

2025 இறுதியில் தேர்தல் ஆணையம் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் சிறப்புத் தீவிரத் திருத்தம், எஸ்.ஐ.ஆர். என்று எல்லோரும் சொன்னது, நடத்தியபோது இந்தத் தூசி எவ்வளவு என்று ஓரளவு வெளியே வந்தது. டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இல்லை. 6.41 கோடி, 5.43 கோடி ஆனது. இறந்தவர் என்ற கணக்கில் நீங்கியவை மட்டும் 26 லட்சத்துக்கு மேல். புதுச்சேரியில் ஒரு லட்சத்துக்கும் சற்றுக் கூடுதலாக நீங்கி 9.18 லட்சம் ஆனது. நீங்கியவர் எல்லோரும் இல்லாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். வீடு பூட்டியிருந்ததால் ‘காணப்படவில்லை’ என்று போனவர் உண்டு, அவர்கள் படிவம் 6 கொடுத்துத் திரும்பச் சேர வேண்டியிருந்தது. ஒரு பட்டியலைச் சுத்தம் செய்யும் வேகத்தில் நெல்லும் பதரோடு போகும் ஆபத்து எப்போதும் உண்டு. எங்கள் அப்பா பெயர் அந்தத் திருத்தத்தில் போனது. அம்மாதான் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

இதை வைத்து அக்காவுக்குப் பதில் தயார் செய்தேன். 2024ல் தமிழ்நாட்டில் பதிவான வாக்கு சுமார் 4.34 கோடி. அதை அன்றைய பட்டியலான 6.23 கோடியால் வகுத்தால் 69.7. அதே வாக்கை வரைவுப் பட்டியலின் 5.43 கோடியால் வகுத்தால்? கிட்டத்தட்ட 80! ஒரு ஆள்கூடக் கூடுதலாக வாக்களிக்காமல் பத்து சதவீதம் ஏறிவிட்டது. துள்ளிக் குதித்துக்கொண்டு போன் எடுக்கப் போனேன். அக்கா மகன் தடுத்தான்.

“மாமா, எங்க பக்கத்தையும் அதே மாதிரி போட்டுப் பாருங்க.”

போட்டேன். புதுச்சேரியில் 2024ல் பதிவானது சுமார் 8.07 லட்சம். வரைவுப் பட்டியலின் 9.18 லட்சத்தால் வகுத்தால் 88 வருகிறது. முன்பு இடைவெளி ஒன்பது. இப்போது எட்டு. இரண்டு பக்கமும் தூசி இருந்திருக்கிறது, கிட்டத்தட்ட ஒரே அளவில். இது தோராயக் கணக்கு. 2024ல் பட்டியலில் இல்லாத புதுப் பிள்ளைகள் இதில் கலந்திருக்கிறார்கள், திருத்தத்துக்குப் பிறகு சேர்ந்தவர்கள் இல்லை. ஆனாலும் போக்கு தெரிகிறது. முள்ளோடைக்கு அந்தப் பக்கம் நிஜமாகவே கூடுதல் பேர் வாக்களிக்கிறார்கள். ‘வேற கணக்குக்கா’ என்ற என் சாக்கு அங்கேயே அடிபட்டது.

பகுதியைப் பற்றிப் பேசும்போது ஒரு சின்ன இடைச்செருகல். புதுச்சேரி வரலாற்றில் பகுதி மிகச் சின்னதாக இருந்த வாக்கெடுப்பு ஒன்று உண்டு. கீழூர். 1954 அக்டோபர் 18. பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இந்தியாவோடு இணைவதா என்ற கேள்வி. 178 பேர் வாக்களித்தார்கள், 170 பேர் இணைப்புக்கு, 8 பேர் எதிர்ப்புக்கு. நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. ஆனால் அந்த 178 பேரும் மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள். பொதுமக்கள் நேரடியாக வாக்களிக்கவில்லை. இணைப்புக்கு 95 சதவீதத்துக்கு மேல்தான், எந்த நூறில் என்று கேட்க வேண்டும். கீழூரில் அதற்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது.

சரி, அந்தப் பக்கம் ஏன் கூடுதல்?

எனக்குத் தோன்றும் முதல் காரணம் அளவு. புதுச்சேரி சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படும் இடங்கள் 30. புதுச்சேரிப் பகுதியில் 23, காரைக்காலில் 5, மாஹே 1, ஏனாம் 1. பத்து லட்சம் வாக்காளரை முப்பதால் வகுத்தால் ஒரு தொகுதிக்குச் சராசரி 33,000 பேர். தமிழ்நாட்டில் 2021 கணக்கில் சுமார் 6.29 கோடி பேருக்கு 234 தொகுதி, சராசரி 2.69 லட்சம். எங்கள் ஒரு தொகுதிக்குள் அவர்களுடைய எட்டுத் தொகுதியை அடக்கலாம். ஏம்பலத்திலோ நெட்டப்பாக்கத்திலோ நிற்கிற வேட்பாளர் ஒவ்வொரு வீட்டு வாசலையும் மிதித்துவிட முடியும், ஒரு தடவைக்கு மேலேயே. கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றுக்கும் எம்.எல்.ஏ. வந்து நிற்பார். வராதவர் அடுத்த முறை வரமாட்டார்.

சிறிய தொகுதியில் ஒரு ஓட்டின் எடையும் கூடுகிறது. 2021ல் ஏனாமில் என். ரங்கசாமி சுயேச்சை வேட்பாளரிடம் 655 வாக்கில் தோற்றார். தட்டாஞ்சாவடியிலும் நின்று ஜெயித்ததால் முதல்வரானார். அந்த ஏனாமில் அன்று வாக்குப்பதிவு 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. நம் பக்கம் இப்படி நடக்காது என்று நினைக்க வேண்டாம். 2016ல் கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோவிலில் தொல். திருமாவளவன் தோற்றது 87 வாக்கில். ஒரு தெருவில் பாதி.

தேர்தல் நாளில் இந்தச் சின்ன அளவு எப்படி வேலை செய்யும் என்பதைப் பாகூர் பக்கம் நான் நேரில் பார்த்திருக்கிறேன். பூத்துக்கு வெளியே கட்சிக்காரர்கள் மேசை போட்டு, பட்டியலை வைத்துக்கொண்டு, வந்தவர் பெயரை அடித்துக்கொண்டே இருப்பார்கள். பகல் இரண்டு மணிக்கெல்லாம் யார் வரவில்லை என்று தெரிந்துவிடும். “உங்க வீட்ல ரெண்டு ஓட்டு வரலியே” என்று ஆள் வந்து நிற்பார். வேட்பாளர் வண்டி வைத்து வாக்காளரை ஏற்றி வருவது சட்டப்படி குற்றம். ஆனாலும் ‘எதேச்சையாக’ அந்த வழியே போகும் ஆட்டோக்களுக்கு அன்று குறைவிருக்காது. முப்பதாயிரம் பேரை இப்படித் துரத்திப் பிடிக்கலாம். இரண்டரை லட்சத்தைப் பிடிக்க முடியாது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. 2024ல் நடந்தது நாடாளுமன்றத் தேர்தல். புதுச்சேரி முழுவதும் ஒரே தொகுதி, பத்து லட்சம் பேர். அப்போது சின்ன அளவு எங்கே வந்தது? எம்.எல்.ஏ. எலெக்‌ஷனுக்குப் பழகிய அதே ஆட்கள், அதே மேசை, அதே பட்டியல் எம்.பி. எலெக்‌ஷனுக்கும் வேலை செய்கின்றன என்பது என் பதில். அப்படியும் சட்டமன்றத் தேர்தலைவிட நாடாளுமன்றத் தேர்தலில் அங்கே பதிவு சற்றுக் குறையத்தான் செய்கிறது.

இரண்டாவது காரணம், அங்கே வேறு கதவு கிடையாது. தமிழ்நாட்டில் சாக்கடைக்கு வார்டு உறுப்பினர், ரோட்டுக்கு ஊராட்சித் தலைவர் என்று போய் நிற்க 2024ல் ஆள் இருந்தார்கள். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968க்குப் பிறகு 38 வருடம் கழித்து 2006ல் ஒரு முறை நடந்தது. அதில் வந்தவர்களின் காலம் 2011ல் முடிந்தது. 2021ல் மறுபடி அறிவித்தார்கள், அது நடக்காமலே நின்றது. ஆகவே தெருவிளக்கு எரியாவிட்டாலும் எம்.எல்.ஏ.தான். ஒரே கதவு என்றால் எல்லோரும் அதைத்தானே தட்டுவார்கள்? உள்ளூர்த் தேர்தல் என்றாலே பதிவு தானாகக் கூடிவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டில் 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் 76, 77 என்று வந்தது. 2022 பிப்ரவரியில், கடலூர் மாநகராட்சி ஆன பிறகு நடந்த முதல் நகர்ப்புறத் தேர்தலில், மாநில அளவில் 60.7தான். சென்னையில் 43.59. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாத ஊரில் வார்டு கவுன்சிலர் யாராக இருந்தால் என்ன என்று இருந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, பிழைப்பு. திட்டக்குடி, விருத்தாசலம் பக்கத்து வறண்ட நிலத்தில் பாதிக் குடும்பம் வெளியூரில். நம் சட்டப்படி, பெயர் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊருக்கு நேரில் வந்துதான் போட வேண்டும். தபால் ஓட்டு தேர்தல் பணியாளர், ராணுவத்தார், 85 வயது கடந்தவர், மாற்றுத்திறனாளி என்று சிலருக்கு மட்டும். வெளிநாட்டில் இருப்பவரும் டிக்கெட் எடுத்து வந்துதான் ஆக வேண்டும். ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் விட்டு வருவதா என்று திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பவர் யோசிப்பதைச் சோம்பல் என்று நான் சொல்ல மாட்டேன். புதுச்சேரியில் வேலைக்குப் போகிறவர் பெரும்பாலும் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பிவிடுகிற தூரத்தில் இருக்கிறார். கடலோரக் குப்பங்களில் இன்னொரு கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. 2024 ஏப்ரல் 19 அந்தக் காலத்துக்குள் விழுந்தது. சட்டமன்றத் தேர்தல் நடந்த 2021 ஏப்ரல் 6 விழவில்லை.

பணம் பற்றிச் சொல்லாமல் விட்டால் யாரும் நம்ப மாட்டீர்கள். ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். 2019ல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலையே அதற்காக நிறுத்தி, ஆகஸ்டில் நடத்தினார்கள். வாங்கியவர் ‘வாங்கிட்டோம், போகாம இருந்தா நல்லாருக்காது’ என்று சாவடிக்குப் போவார். அந்த அளவில் அது பதிவை ஏற்றும். உள்ளே போய் யாருக்குப் போடுவார் என்பது வேறு விஷயம். இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு மூன்றாவது ஆளுக்குப் போட்டவரை எனக்கே தெரியும்.

இனி சாய்வு. ஒரு ஊர் எந்தக் கட்சிப் பக்கம் சாய்கிறது என்பதை, வண்டி மாடு பழகின பாதையில் தானே திரும்புவதோடு ஒப்பிடலாம். விரட்டாமலே திரும்பும், ஆனால் கயிறு கையில் இருக்கிறது. கட்சி உறுப்பினராக இருப்பது வேறு, இது வேறு. கொடி பிடிக்காத, கூட்டத்துக்குப் போகாத, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கை போகும் சின்னம் ஒன்று பலருக்கும் இருக்கும்.

அந்தப் பாதை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் வேலையிலிருந்தும் குடும்பத்திலிருந்தும். புதுச்சேரியில் இடதுசாரிச் சாய்வு ஆலைகளில் முளைத்தது. 1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் இறந்தார்கள். அந்தப் போராட்டத்தின் வழியே எழுந்த கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா பல பத்தாண்டுகள் அங்கே பெரிய பெயர். அக்கா வீட்டு மாமா மில்லில் வேலை பார்த்தவர். சங்கக் கூட்டம்தான் அவருக்குப் பள்ளிக்கூடம். ஆலைகள் ஒவ்வொன்றாக நின்று, 2020ல் ஏ.எஃப்.டி.யும் மூடிய பிறகு, அந்தச் சாய்வுக்குத் தண்ணீர் விட ஆள் இல்லை. மாமாவுக்கு இன்னும் இருக்கிறது, பையனுக்கு இல்லை. பையன் கேட்பது வேலை.

சாதியும் இங்கே பேசாமல் போகக் கூடியது அல்ல. 1952ல், சென்னை மாநிலத்தின் முதல் பொதுத் தேர்தலில், கடலூர் மண்ணிலிருந்து வந்த எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியின் உழைப்பாளர் கட்சி 19 சட்டமன்ற இடங்களைப் பிடித்தது. சாதிச் சாய்வு எவ்வளவு பழையது என்பதற்கு அது ஒரு சாட்சி. ஆனால் எல்லாவற்றையும் அதில் போட்டு அடைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. போட்டியிடும் இரண்டு கட்சியும் ஒரே சாதியில் ஆளைத் தேடி நிறுத்தும்போது சாதி எப்படி முடிவு செய்யும்? அங்கே வேறு ஏதோ முடிவு செய்கிறது. 2006ல் விருத்தாசலத்தில் விஜயகாந்த் ஜெயித்தார். புதுக் கட்சி, அந்தத் தேர்தலில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே இடம். எல்லாக் கணக்கையும் ஒரு ஆள் வந்து கலைத்தார்.

அந்தப் பக்கம் ஆளின் எடை இன்னும் அதிகம். ரங்கசாமி 2001ல் காங்கிரஸ் முதல்வர். 2011 தொடக்கத்தில் என்.ஆர். காங்கிரஸ் என்று தனிக் கட்சி கண்டார், சில மாதத்தில் சட்டமன்றத்தில் 15 இடம். காங்கிரஸ் சாய்வு என்று எண்ணிக்கொண்டிருந்ததில் ஒரு பெரிய பங்கு ரங்கசாமி சாய்வு என்று அன்றுதான் தெரிந்தது. அதன் பிறகு பாருங்கள். 2014 எம்.பி. தேர்தலில் என்.ஆர். காங்கிரஸ். 2016 சட்டமன்றத்தில் காங்கிரஸ். 2019ல் காங்கிரஸ். 2021ல் என்.ஆர். காங்கிரஸ், பா.ஜ.க. கூட்டணி. 2024ல் மறுபடி காங்கிரஸ், ஆளும் கூட்டணியின் பா.ஜ.க. வேட்பாளரை 1.36 லட்சம் வித்தியாசத்தில் தோற்கடித்தது. கிட்டத்தட்ட அதே மக்கள்தான். தேர்தலுக்குத் தேர்தல் கேள்வி மாறுகிறது, சாய்வும் மாறுகிறது.

வாக்கு விகிதத்தைப் பார்த்துச் சாய்வைச் சொல்லும்போதும் ஒரு பள்ளம் இருக்கிறது. 2021ல் காங்கிரஸுக்குப் புதுச்சேரியில் கிடைத்தது 15.7 சதவீதம், 2 இடம். பா.ஜ.க.வுக்கு 13.7 சதவீதம், 6 இடம். ‘மக்கள் காங்கிரஸ் பக்கம்தான் அதிகம், முறைதான் கோளாறு’ என்று உடனே ஒருவர் சொல்வார். ஆனால் காங்கிரஸ் நின்றது 14 தொகுதியில், பா.ஜ.க. நின்றது 9ல். நிற்காத தொகுதியில் விகிதம் எங்கிருந்து வரும்? இங்கேயும் பகுதிதான் காலை வாருகிறது.

இப்போது எல்லோரும் ஆசைப்படும் கேள்வி. பதிவு கூடினால் யாருக்கு லாபம்? ‘அதிகம் பேர் வந்தால் ஆட்சி மாறும்’ என்பது டீக்கடை வேதம். தமிழ்நாட்டில் 2011ல் 78 சதவீதமாக ஏறியது, ஆட்சி மாறியது. 2016ல் இறங்கியது, மாறவில்லை. சரிதானே என்று தோன்றும். 2021ல் இன்னும் இறங்கியது, ஆனால் மாறியது. புதுச்சேரியில் 2011, 2016, 2021 மூன்றிலும் பதிவு 80களிலேயே நின்றது, மூன்று முறையும் ஆட்சி மாறியது. வேதத்தைக் கல்லாப் பெட்டியில் வைத்துப் பூட்டலாம்.

யார் வந்தார்கள் என்பது எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட முக்கியம். நம் கற்பனைச் சாவடிக்கே போவோம். போன முறை 800 வாக்கு. அ கட்சிக்கு 400, ஆ கட்சிக்கு 350, மற்றவர்க்கு 50. இந்த முறை 700 வாக்கு. அ-வுக்கு 390, ஆ-வுக்கு 270, மற்றவர்க்கு 40. அ-வின் பங்கு 50லிருந்து 55.7 ஆகிவிட்டது. ‘அலை’ என்று எழுதுவார்கள். அ-வுக்கு உண்மையில் பத்து வாக்கு குறைந்திருக்கிறது. ஆ-வின் ஆட்கள் கோபத்தில் வீட்டில் இருந்துவிட்டார்கள், அவ்வளவுதான் நடந்திருக்கலாம். நம் ஊரில் சாய்வு மாறுவது பெரும்பாலும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். பரம்பரையாகப் போட்ட சின்னத்தை விட்டு எதிர்ச் சின்னத்துக்குப் போவது பெரிய தாண்டல். அதற்கு முன்னால் மனிதர் ஒரு தேர்தல் சும்மா இருந்து பார்ப்பார். புதுச்சேரியில் 2024ல் வராதவர் பட்டியல் கணக்கில் 2 லட்சத்துக்கும் மேல், வெற்றி வித்தியாசத்தைவிட அதிகம். அவர்களில் எத்தனை பேர் தூசி, எத்தனை பேர் கோபம் என்று பிரிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் எல்லாக் கட்சியும் அவரைத் தேடி வரும்.

உங்கள் சாவடியின் கணக்கை நீங்களே பார்க்கலாம். தேர்தல் முடிந்த பிறகு படிவம் 20 என்று ஒன்றைத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் போடுவார்கள். சாவடிவாரியாக எந்த வேட்பாளருக்கு எத்தனை, நோட்டா எத்தனை, எல்லாம் இருக்கும். சாவடி எண் தெரிந்தால் ஐந்து நிமிட வேலை. இரண்டு மூன்று தேர்தலை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், ஒன்றை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். சாவடி எல்லைகள் நடுவில் மாறியிருக்கும், அதையும் கவனியுங்கள். சதவீதத்தைப் பார்க்கும் முன் எண்ணிக்கையைப் பாருங்கள்.

எங்கள் சாவடிப் பக்கத்தை அச்செடுத்து, முக்கு டீக்கடை அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். “நம்ம தெருவே ஒரே கட்சி, ஒரு ஓட்டு வெளிய போகாது” என்று இருபது வருடமாகச் சொல்பவர். அவர் சொல்லும் கட்சிக்குத்தான் அங்கே முதலிடம், பொய்யில்லை. நூற்றுக்கு அறுபது. அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வரிசையை விரலால் தடவி, இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார்.

“அப்ப மீதி நாப்பது பேரு யாரு?”

“அது தெரியக் கூடாதுன்னுதாண்ணே மெஷினைச் சுத்தி அட்டை வெக்கறாங்க.”

தாளை மடித்துக் கல்லாவுக்கு அடியில் வைத்தார். பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஐந்து பேரையும் ஒவ்வொருவராக ஒரு சுற்றுப் பார்த்தார்.